இரண்டு விரல் கிழக்கே

பிப்ரவரி 6

மாடிக்கு ஆள் வந்தாயிற்று. நார்வேக்காரர். பெயர் ஐவிந்த் ராம்ஸ்விக், வயது ஐம்பத்திரண்டு, தொழில் ஓவியம். கடற்கரைகளை மட்டும் வரைகிறவராம். ஆறேழு வாரம் இருப்பார். ஃபாதர் கில்பர்ட் கேட்டதால் ஒப்புக்கொண்டேன். பங்குத்தந்தையிடம் முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். வீட்டில் இன்னொருவர் நடமாடுவது பிடிக்காது என்பதைக் காரணமாக அவர் ஏற்கமாட்டார்.

ஐந்து பெட்டிகள். நான்கில் வர்ணங்கள், ஒன்றில் உடுப்பு. இரண்டு சட்டைதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மாடிக் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 8

வெளியூரிலிருந்து சூசைத்துறைக்கு வருகிறவர்கள் கருவாடு காயும் இடத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். இவர் அங்கேயே நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அவர் ஊரில் மீனை மரச்சட்டங்களில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காயவைப்பார்களாம். அப்பா மீன்பிடிக்கிறவராம்.

என் சித்தப்பா மகன் சேவியடிமையின் மனைவி புஷ்பம் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "கருவாட்டு மணம் புடிக்குத வெள்ளக்கார சாயிப்ப இப்பந்தான் பாக்குதேன் மைனி. நல்ல குடும்பத்து ஆளாக்கும்."

பிப்ரவரி 12

ஞாயிறு. பூசை முடிந்து வரும்போது கடலுக்குள் நீளும் கல்தடுப்பு, தூண்டில் பாலத்தருகே வரைந்துகொண்டிருந்தார். "நான் கண்ணால் பார்ப்பதை மட்டுமே வரைவேன். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு கல்லைக்கூட இடம் மாற்றியதில்லை" என்றார். இப்படிச் சொல்லாத ஓவியர் யாரும் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் காப்பி குடிக்கப் போனபோது படத்தைச் சோதித்தேன். பாறையில் மேலே ஓட்டோடு ஒட்டிக்கிடக்கும் கொட்டலசு, நடுவில் சிப்பி, அடியில் பாசி. வரிசை சரி. கொட்டலசுப் பட்டையின் அகலம்கூடச் சரி. என் மூன்றாம் ஆண்டு மாணவிகளில் இரண்டு பேருக்குத்தான் இது வரும்.

இடியாப்ப மாவு மிஞ்சிவிட்டது. அவித்து மாடிக்குக் கொடுத்தனுப்பினேன்.

பிப்ரவரி 16

விலங்கியல் ரெக்கார்டு நோட்டுகள் ஐம்பத்து நான்கு திருத்தினேன். ஷைனி என்ற பெண் இறாலுக்கு ஒரு ஜோடிக் கால் கூடுதலாக வரைந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "நடுவில காலியா இருந்துச்சு மேம், ரொப்பிட்டேன்" என்றாள். ஐந்து மதிப்பெண் குறைத்தேன். முன் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: பார்த்ததை வரை. பார்க்காததை ஊகித்து நிரப்பாதே.

தேங்காய்ப்பால் மிஞ்சிவிட்டது.

பிப்ரவரி 22

நம் ஊர் வெளிச்சத்தைப் பற்றி ஐவிந்துக்கு மனக்குறை. "இங்கே சூரியன் எதையும் மறைப்பதில்லை. எங்கள் ஊரில் மூடுபனி பாதி வேலையைச் செய்துவிடும்" என்றார். கரையிலிருந்து பார்த்துச் சலித்துவிட்டதாம். கடலிலிருந்து கரையை வரைய வேண்டுமாம். படகு கிடைக்குமா என்று கேட்டார்.

சேவியடிமையிடம் சொன்னேன். அவன் முகத்தில் இப்படி ஒரு வெட்கத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"என்னையா வரையப் போறாரு?"

"கடலிலிருந்து வரையணுமாம்."

"அப்ப என்னத்தான். வேற யாரு இருக்கா கடலுல?"

பிப்ரவரி 24

சேவியடிமை முடி வெட்டி, முகம் மழித்து, கிறிஸ்துமஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு ஐவிந்தைக் கடலுக்குக் கூட்டிப்போனான். இப்படியே ஆறு நாள் போக வேண்டுமாம். அந்தச் சட்டையை ஆறு நாளும் எப்படித் துவைத்துக் காயவைப்பது என்று புஷ்பத்துக்குக் கவலை.

மார்ச் 3

ஒன்றும் விசேஷமில்லை. மீன்காரியிடம் ஒரு பாறை மீன் கேட்டேன், இரண்டாகக் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 9

சூசையப்பர் திருவிழா பத்தொன்பதாம் தேதி. அன்று பங்கு மண்டபத்தில் ஐவிந்தின் ஓவியக் கண்காட்சி. ஃபாதர் நோட்டீஸ் அடித்துவிட்டார். கொட்டை எழுத்தில், 'சிறப்புக் காட்சி: கடலிலிருந்து சூசைத்துறை.' ஓவியம் இன்னும் முடியவில்லை. திறப்புக்குச் சுற்றுப் பங்குகளிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. பக்கத்து ஊர் புதுக்குருசடியிலிருந்தும்.

புதுக்குருசடிக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை உண்டு, கல்யாண உறவு உண்டு, ஒரே கடல். மீன் பிடிக்கும் இடத்தை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

குழாய் இன்னும் ஒழுகுகிறது. எண்ணெய் வர்ணத்தை அதே தண்ணீரில் வைத்துக் கழுவினாராம். எண்ணெய் வர்ணம் தண்ணீரில் போகாது என்று இருபத்தெட்டு வருடத்தில் யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். கைகளைத்தான் கழுவினேன் என்றார். சரி.

மார்ச் 14

நீளமாக எழுத வேண்டிய நாள்.

ஓவியம் முடிந்தது என்று கேள்விப்பட்டு சேவியடிமையும் புஷ்பமும் சாயங்காலம் பார்க்க வந்தார்கள். ஐவிந்த் வெளியே போயிருந்தார். மாடி வராந்தாவில் ஓவியம் நின்றது. காலைக் கடல், அதற்கப்பால் நீள நெடுக நம் கரை, நடுவில் கோயில் கோபுரம், பின்னால் மலைகள். எனக்கு ஓவியம் தெரியாது. ஆனாலும் பார்த்தவுடன் என் முகத்தில் ஈரக்காற்று பட்டதுபோல இருந்தது. இது ஒரு தகவலாக மட்டுமே இங்கே பதியப்படுகிறது.

புஷ்பம் ஓவியத்தின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தாள். "எங்க வீட்டு ஆளக் காணலியே மைனி?"

"எக்கா, நான் எங்க?" என்றான் சேவியடிமை.

"நீ அவருக்குப் பின்னால இருந்த. அவரு முன்னால பாத்து வரைஞ்சிருக்காரு."

"ஆறு நாளு! அசையாம நின்னேன் கேட்டியா? மூக்குல ஈ வந்து இருந்துது, அடிக்கல."

"அதான் அந்த ஈயையும் காணல" என்றாள் புஷ்பம்.

அவன் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தான். திடீரென்று அவன் முகம் மாறியது. போய் வராந்தாக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"எக்கா, கோபுரம் எங்க நிக்குது?"

"இரட்டைமலை இடுக்குல."

"தண்ணித்தொட்டி?"

"ஐஸ் பேக்டரிக் கூரைக்கு நேர் மேல."

"சோலி முடிஞ்சுது. இது படம் இல்லக்கா. எங்க வீட்டுச் சாவியாக்கும்."

இதைக் கணியம் என்பார்கள். கடலுக்கு அடியில் இருக்கும் பாறையை மேலிருந்து பார்க்க முடியாது. கரையில் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வந்தால் அது ஒரு குறி. இன்னொரு பக்கம் வேறு இரண்டு பொருள்கள் அதேபோல நேர்கோட்டில் வந்தால் இன்னொரு குறி. இரண்டும் ஒரே நேரத்தில் எங்கே அமைகிறதோ அங்கே படகை நிறுத்தினால் அடியில் பாறை, பாறையில் மீன். கோபுரம் மலையிடுக்கிலும், தொட்டி ஐஸ் பேக்டரிக்கு மேலும் வரும் இடத்தில்தான் சேவியடிமையின் பாறை இருக்கிறது. அவன் அப்பா கண்டுபிடித்தது. நம் ஊரில் நான்கு படகுக்காரர்களுக்கு மட்டும் தெரியும். மற்ற இடங்களில் மீன் இல்லாமல் போகும் மாதங்களில் அந்த நான்கு வீடுகளிலும் அடுப்பு எரிவது அந்தப் பாறையால்தான்.

"ஜிபிஎஸ்ல கூட அத நாங்க குறிக்கல. ரிப்பேருக்குக் குடுத்தா கடைக்காரன் பாத்துருவான்னு. இப்ப சாயிப்பு சட்டம் போட்டு மாட்டப் போறாரு. புதுக்குருசடி மிக்கேல்பிள்ளை ஒரு நிமிசம் பாத்தாப் போதும்."

"அப்புறம் எதுக்குலே அவர அங்கேயே கூட்டிட்டுப் போன?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "அங்கதான் நங்கூரம் நல்லாப் புடிக்கும். படகு ஆடிச்சுன்னா மூஞ்சி கோணலா வந்துரும்லா."

புஷ்பம் அவனைப் பார்த்த பார்வையை வரைய ஐவிந்த் அங்கே இல்லை.

ஓவியத்தை எடுத்து ஒளித்துவைத்துவிடலாம் என்றாள் அவள். சேவியடிமை கூடாது என்றான். நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் படம் மண்டபத்தில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று மிக்கேல்பிள்ளை யோசிப்பான், சாயிப்பு யார் படகில் போனார் என்று கேட்பான், மீதியைக் கண்டுபிடித்துவிடுவான். அவன் சொன்னது சரி.

அவரைப் படகில் ஏற்றிவிடச் சொன்னது நான். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 15

ஐவிந்திடம் சொன்னேன். விளக்கி முடிப்பதற்குள்ளேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர்கள் கடலிலும் இதே வழக்கம்தானாம். கரைப்பாறையும் தேவாலயமும் நேராக வரும் இடத்தில் வலை. சிறுவயதில் கரையை நோக்கி விரல் நீட்டியதற்காக அப்பா அவரைப் படகிலேயே அறைந்தாராம்.

"தெரிந்துமா வரைந்தீர்கள்?"

"தெரியவில்லை. கோபுரம் அந்த இடுக்கில் அவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது. ஏன் அழகாக இருக்கிறது என்று யோசிக்கவில்லை. அப்பா கையால் எனக்கு இன்னொரு அறை தேவை."

"அப்படியானால் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள்."

"அது முடியாது." மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் பாறைபோல. இருபத்தெட்டு வருடம். ஒரு கல். நானும் வற்புறுத்தவில்லை, எப்படி வற்புறுத்துவது? ஷைனியின் நோட்டு இன்னும் என் மேசைமேல் கிடக்கிறது.

மாடிப்படி ஏறப் போனவர் நின்றார். "நாளைக் காலை ஆறு மணிக்குக் கடலில் குளிக்கப் போகிறேன். எட்டு மணிவரை வரமாட்டேன்."

"சரி."

"எண்ணெய் வர்ணம் காய ஒரு வாரமாவது ஆகும். இன்னும் ஈரம்தான்."

"தெரிந்துகொண்டேன்."

"வராந்தாக் கதவுக்குப் பூட்டு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 16

காலை 6.10. வராந்தாவில் வர்ணப்பலகை திறந்திருந்தது. அதில் மூன்று குவியல்கள் குழைத்து வைக்கப்பட்டிருந்தன: அந்த வானத்தின் நீலம், தொட்டிக்குப் பக்கத்துச் சவுக்குத் தோப்பின் பச்சை, தொட்டியின் வெள்ளை. பக்கத்தில் ஒரு சிறு கத்தி, சுத்தமான ஒரு தூரிகை. ஒரு துண்டுத்துணி, நான்காக மடித்து.

தொட்டியை எங்கே வைப்பது என்பதை நேற்றே கணக்கிட்டிருந்தேன். முனைவர் பட்டத்துக்காக இந்தக் கடலின் அடித்தரையை ஆராய்ந்தவள் நான். தொட்டியை இரண்டு விரல் கிழக்கே தள்ளிச் சவுக்குத் தோப்புக்கு மேல் வைத்தால் இரண்டு குறிகளும் சேரும் இடம் மூன்று கிலோமீட்டர் தெற்கே போய்விடும். அங்கே என்ன இருக்கிறது என்று என் ஆய்வேட்டின் 112-ஆம் பக்கம் சொல்கிறது: 'மணலும் சேறும். மீன்வளம் பொருட்படுத்தத்தக்கதல்ல.'

பழைய தொட்டியைச் சுரண்டி எடுத்தேன். அது இருந்த இடத்தில் வானம் பூசினேன். புதிய தொட்டி வைத்தேன். முதலில் அது இட்லிபோல வந்தது. மறுபடி சுரண்டினேன். இரண்டாவது தொட்டிபோலவே வந்தது. நிழல்கூட வைத்தேன்.

எங்கும் தயங்கவில்லை. அதுதான் வருத்தம்.

8.05-க்கு ஐவிந்த் தலை துவட்டியபடி வந்தார். ஓவியத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உங்கள் மூக்கில் வானம் ஒட்டியிருக்கிறது" என்றார்.

முதல் பீரியடுக்குப் பத்து நிமிடம் தாமதம். பதினெட்டு வருடத்தில் முதல் முறை.

மார்ச் 19

திருவிழா. மண்டபத்தில் கூட்டம். புதுக்குருசடி மிக்கேல்பிள்ளை மற்ற ஓவியங்களின் பக்கமே திரும்பாமல் நேராக இதன்முன் போய் நின்றார். நாற்பது நிமிடம். கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கோபுரத்தை அளந்தார். மறு கண்ணை மூடித் தொட்டியை அளந்தார். பிறகு இரண்டு பேரைக் கூப்பிட்டுவந்தார். அவர்களும் கட்டைவிரலை நீட்டினார்கள். சேவியடிமை பந்தியில் இலையைப் பார்ப்பவன்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்ல படம்" என்றார் மிக்கேல்பிள்ளை அவனிடம். "யாரு படகுல போனாரு சாயிப்பு?"

"ஏதோ படகு" என்றான் சேவியடிமை.

ஃபாதர் என் காதருகே வந்து, "புதுக்குருசடிக்காரங்களுக்கு இவ்வளவு கலை ரசனை இருக்கும்னு நான் நெனச்சுக்கூடப் பாக்கல டீச்சர்" என்றார். கண் கலங்கியிருந்தது.

பிறகு ஐவிந்திடம், மற்ற ஓவியங்களில் எல்லாம் கையெழுத்து இருக்கிறதே, இதில் ஏன் இல்லை என்று கேட்டார். "இது இன்னும் முடியவில்லை ஃபாதர். அடுத்த வருடம் வந்துதான் முடிக்க வேண்டும்" என்றார் ஐவிந்த். ஃபாதர் நகர்ந்ததும் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "காலையில் சூரியன் கிழக்கே இருக்கும். உங்கள் தொட்டியின் நிழலும் கிழக்கே விழுகிறது."

பார்த்தேன். உண்மைதான். ஊரே பார்க்கும் படத்தில் ஒரே பிழை, அது என்னுடையது.

மார்ச் 20

விடியும்போதே புதுக்குருசடிப் படகுகள் மூன்று, 112-ஆம் பக்கத்துக்கு நேராகப் போய் நின்றன. சேவியடிமை என் வீட்டு வாசலில் சிரித்துச் சிரித்து இருமினான். புஷ்பம் அவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 21

மறுபடி போயிருக்கிறார்கள். வெறும் வலையோடு வந்தார்களாம். சேவியடிமை நாலு வீட்டுக்கும் பாயசம் கொடுத்தான்.

மார்ச் 23

சாயங்காலம் சேவியடிமை வந்தான். உட்காரவில்லை.

"எக்கா, ஒனக்கு யாரு டாக்டர் பட்டம் குடுத்தது?"

"ஏன்?"

"இன்னைக்குக் கொஞ்சம் தள்ளி வலை போட்டானுவளாம், மூணு படகு நெறையக் கலவா மீனு. ஒவ்வொண்ணும் இந்தத் தண்டி. விளமீன் வேற. புதுக்குருசடில ஐஸ் தீந்துபோய் நம்ம பேக்டரில வந்து வாங்கிட்டுப் போறானுவ. மணலு, சேறுன்னியே?"

"மணலும் சேறும்தான்..."

"அடியில பெரிய பாறைக்கா! மிக்கேல்பிள்ளை சந்தையில வச்சு என் கையைப் புடிச்சுக் கும்புடுதான். இத்தன நாளு தெரியாம இருந்துட்டோம், ஒங்க சாயிப்புக்கு நன்றி சொல்லுன்னு."

"உன் பாறைய அவங்க தொடல இல்லியா?"

"தொடல. இனி எதுக்குத் தொடப்போறானுவ? எங்க பாறைய விட அது பெருசு. அந்தத் தொட்டிய நீ எனக்குக் காட்டிருக்கப்படாதா? நாந்தானே ஒனக்குத் தம்பி, மிக்கேல்பிள்ளையா?"

அவன் போனபிறகு பரணிலிருந்து ஆய்வேட்டையும் பழைய களக்குறிப்புகளையும் இறக்கினேன். அந்தப் பகுதியில் ஏழு இடங்களில் மண் எடுத்திருக்க வேண்டும். எடுத்தது இரண்டில். அன்று எனக்குக் கடல்மயக்கம். படகின் ஓரத்தைப் பிடித்து வாந்தியெடுத்தபடியே கரைக்குத் திரும்பினேன். மற்ற ஐந்து இடங்களுக்கும் அக்கம்பக்கத்து எண்களை வைத்து ஊகித்து நிரப்பினேன். நடுவில் காலியாக இருந்தது.

இருபது வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது ஐவிந்திடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்படியானால் நாம் இருவரும் சேர்ந்து ஒரு பாறையைக் கண்டுபிடித்திருக்கிறோம்" என்றார். பிறகுதான் சிரித்தார். நானும்.

(அவர் கீழே சாப்பிட வந்தது புளிமுள மீன்குழம்பு அதிகமாக வைத்துவிட்டதால்.)

மார்ச் 26

காலை ஐந்தரைக்கு டாக்சி. ஐந்து பெட்டிகளும் ஏற்றியாயிற்று. ஓவியத்தை மாடியிலேயே விட்டுவிட்டுப் போகிறார். முடியாத படத்தை ஊருக்குக் கொண்டுபோவதில்லையாம். கைகுலுக்கினோம். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்றேன். தொட்டியின் நிழலை யாரும் திருத்தக்கூடாது என்றார்.

இடியாப்ப மாவு மிஞ்சிவிட்டது. இன்று உண்மையாகவே.

மார்ச் 29

ஷைனியின் இறாலுக்கு இரண்டரை மதிப்பெண் திருப்பிக் கொடுத்தேன். ஏன் மேம் என்றாள். அடுத்த நோட்டை எடுத்துத் திருத்தினேன். கால் ஒன்றும் சரியாகிவிடவில்லை.

ஆய்வேட்டுக்குத் திருத்தம் ஒன்று எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஐந்து இடங்கள், உண்மையான காரணத்தோடு. அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அந்த இடங்களில் மண் எடுக்கப் படகுக்குச் சேவியடிமையிடம் கேட்டேன். வருகிறேன் என்றான். கிறிஸ்துமஸ் சட்டை போட வேண்டுமா என்று கேட்டான்.

ஏப்ரல் 11

பிளம்பர் வந்தான். மாடிக் குழாயைப் பார்த்துவிட்டு, "ஒரு வாசர்தான் டீச்சரே, போட்டா ஆறு மாசம் ஓடும்" என்றான்.

"வேண்டாம். புதுக் குழாயே போடு. நல்ல கம்பெனியாப் பாத்து."

"மேலதான் யாரும் இல்லியே. ஆள் இருந்தப்ப ரெண்டு மாசம் ஒழுகிட்டு இருந்துது, கூப்பிடல. இப்ப எதுக்குப் புதுசு?"

"தண்ணி வீணாகுது" என்றேன்.

அவன் குழாய்க்கு அடியிலிருந்த வாளியைப் பார்த்தான். அதில் அரை வாளிகூட இல்லை. கேட்காமல் வேலையைத் தொடங்கினான். நல்ல பையன்.

வெந்நீர்க் குழாயும் சேர்த்தே போடச் சொல்லிவிட்டேன். குளிர்நாட்டுக்காரர்கள் வெந்நீரில்தான் குளிப்பார்கள் என்று எங்கோ படித்தேன். இவர் கடலில்தான் குளித்தார் என்பது நினைவிருக்கிறது.